பன்னிரண்டு மணிக்கு நிற்கும் கிரேன்

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும் சேர்த்து அம்மா பயந்தாள். அம்மாவுக்கும் சேர்த்து நான் பயந்தேன்.

அப்பா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டினார். எழுபதுகளின் நடுவில் ஃபேரர் பார்க் பக்கம் இருந்த வாடகை அறையை விட்டு நாங்கள் பூன் லே அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனதே அந்த வேலைக்காகத்தான். வீட்டுக்கு முன்னால் இருந்த காரிடாரில் நின்று பார்த்தால், தொழிற்சாலைக் கூரைகளுக்கு அப்பால் அவருடைய கிரேனின் நீண்ட கை தெரியும். பக்கத்திலேயே வேறு கிரேன்களும் உண்டு. ஆனால் எது அப்பாவுடையது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அது ஒன்றுதான் நிற்கும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் சொல்லும் ஜெபம் ஒன்று எங்களுக்கு உண்டு. மற்ற இரண்டு வேளைகளில் அப்பா அதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மத்தியான வேளையை மட்டும் விடமாட்டார். பட்டறையில் சாப்பாட்டுச் சங்கு அதற்குப் பிறகுதான் ஊதும் என்பதால், எல்லாக் கிரேன்களும் ஆடிக்கொண்டிருக்க, இவருடைய கிரேன் மட்டும் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். ஃபோர்மேன் அதற்காக அவரைத் திட்டாத வாரம் இல்லை. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் காரிடாருக்கு வருவாள். கை நின்றதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் ஜெபித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை நாட்களில் நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கை நிற்கச் சற்றுத் தாமதமானாலும் அம்மாவின் விரல்கள் கைப்பிடிச் சுவரைப் பிறாண்ட ஆரம்பிக்கும். நானும் சுவரை இறுகப் பிடித்துக்கொள்வேன். பயந்தாங்கொள்ளி என்று அப்பா என்னைக் கேலி செய்வார். நான் யாரிடமிருந்து அதைக் கற்றேன் என்று அவர் யோசித்ததே இல்லை.

கணிதம் படித்துப் பட்டம் வாங்கியபின், எண்பதுகளின் தொடக்கத்தில், ஜூரோங்கிலேயே பிரேக் லைனிங் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பிரேக் என்பது சுழலும் ஒரு இரும்பு டிரம்மும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் இரண்டு இரும்புக் கட்டைகளும். கட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தடித்த பட்டைதான் லைனிங். அதுவரை கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்து செய்தார்கள். அது நுரையீரலுக்குக் கெடுதல் என்று பேச்சு வந்ததும், கல்நார் இல்லாத புதுக் கலவை ஒன்றை எங்கள் ஆட்கள் உருவாக்கினார்கள். அது எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் இருந்தது. உரசினால் சூடு வரும். சூடு வந்தால் இரும்பு உப்பும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான். ஆனால் இரும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உப்பாது. எங்கே கொஞ்சம் அதிகமாக உப்புகிறதோ அங்கே லைனிங் அதிகமாக அழுந்தும். அழுந்திய இடம் இன்னும் உரசும், இன்னும் சுடும், இன்னும் உப்பும். நடுவில் உப்பிப்போன தோசைக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிட, நடுவில் மட்டும் தோசை கருகும். டிரம்மிலும் அப்படி ஒரு வளையம் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு பழுக்கக் காயும். லைனிங்கில் இருக்கும் பிசின் ஓர் அளவுக்கு மேல் சுட்டால் இளகும். இளகினால் பிடி போகும்.

சமன்பாடுகளாக எழுத உட்கார்ந்தால் இது இன்னும் மோசம். இரண்டு பொருள்களும் எங்கே தொட்டுக்கொள்கின்றன, எங்கே விலகியிருக்கின்றன, தொடும் இடத்தில் எது ஒட்டி நிற்கிறது, எது வழுக்குகிறது என்பதெல்லாம் விடை வந்த பிறகுதான் தெரியும். ஆனால் விடை காண்பதற்கு அவையெல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தொடும் இடத்தை ஊகிக்க வேண்டும், கணக்கை ஓட்ட வேண்டும், ஊகம் பொய் என்று தெரிந்தால் திருத்திக்கொண்டு மறுபடி ஓட்ட வேண்டும். கணிப்பொறி எங்களிடம் இல்லை. அட்டைகளில் துளையிட்டு நகரத்தில் ஒரு நிலையத்துக்குக் கொடுத்தனுப்பி, மறுநாள் வரும் அகலமான தாளுக்காகக் காத்திருப்பேன். இப்படி ஊகித்துப் பயந்து திருத்துகிற வேலையில் எனக்குப் பிறவியிலேயே பயிற்சி இருந்தது.

என் கணக்கு சொன்ன விடை எனக்குப் பிடிக்கவில்லை. சின்னச் சின்னப் பிடிப்புகளுக்குப் புது லைனிங் தாங்கும். கனமான பளுவை நீண்ட நேரம் நிறுத்தாமல் பிடித்துப் பிடித்து இறக்கினால், வளையம் உருவாகிச் சூடு கைமீறிப் போகும். 

எங்கள் மேலாளர் சீனர், நிதானமானவர். தாளை முழுவதும் பார்த்தார். பிறகு சோதனை இயந்திரத்தில் நிஜ டிரம்மையும் நிஜ லைனிங்கையும் மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டவரும் தமிழர்தான். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றே கூப்பிடுவோம், சீனப் பையன்கள் உட்பட. அவர் டிரம்மை ஓட்டினார், கட்டையை அழுத்தினார், வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்தார். நான் சொன்ன உயரத்துக்குப் பக்கத்தில்கூட முள் போகவில்லை. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே கதை. பிசின் வாடை வந்தது, புது லைனிங் என்றால் அப்படித்தான் என்றார்; முள் ஏறாததால் டிரம்மைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இயந்திரம் ஏன் பொய் சொல்லப்போகிறது லா என்று மேலாளர் இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் சொல்லிச் சிரித்தார். கேலியாக அல்ல, ஆறுதலாகத்தான். நான் என் கணக்கில் எங்கே கூட்டல் கழித்தலானது என்று தேட ஆரம்பித்தேன். எதுவும் அகப்படவில்லை. அகப்படாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தப்பு என்னிடம் இருந்தால் எனக்குத்தான் வெட்கம். என்னிடம் இல்லையென்றால் அது வேறெங்கோ இருக்கிறது.

லைனிங்கை முதலில் வாங்கிக்கொள்ள முன்வந்தது அப்பாவின் பட்டறை. முதலில் மாட்டியது அப்பாவின் கிரேனில்.

“என் பொண்ணு கம்பெனி பிரேக்குதான் இப்ப என் கிரேன்ல” என்று அப்பா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். 

“பெரிய லோடு எதுவும் இப்ப எடுக்காதீங்கப்பா” என்றேன்.

“ஏன், டெஸ்ட் பாஸாயிருச்சுன்னு நீதானே சொன்னே?”

“டெஸ்ட் பாஸ்தான். என் கணக்குல இடிக்குது.”

“உன் கணக்கு ஸ்கூல்லேருந்தே பயந்த கணக்கு லா” என்று தோளில் தட்டினார். “பிரேக்கு புடிக்குமா புடிக்காதா, அத மட்டும் சொல்லு.”

பதிலாகக் காட்ட என்னிடம் ஒரு தாள்தான் இருந்தது. அதையும் இயந்திரம் பொய்யாக்கியிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்தபடி வந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா கிளம்பும்போது, இன்று கப்பலுக்குள் பெரிய எஞ்சின் ஒன்றை இறக்கப் போவதாகச் சொன்னார். அந்தப் பழைய கிரேனில், கப்பலின் நடுவுக்கு எட்ட வேண்டுமானால் கையையே மெல்ல மெல்லத் தாழ்த்தவேண்டும். தாழும் கையையும் அதில் தொங்கும் பளுவையும் சேர்த்துப் பிடிப்பது பிரேக்குதான். நீண்ட இறக்கம், கனமான பளு. என் தாள் எதைக் கூடாது என்று சொன்னதோ அதேதான். அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் விசிலடித்தபடி போனார்.

அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. சோதனைக் கூடத்துக்குள் போனேன். லைனிங்கின் தடிமனையாவது இன்னொரு தடவை அளந்து பார்ப்போம் என்று வெர்னியரை எடுத்தேன். பொருளைக் கவ்விப் பிடிக்கும் அதன் இரண்டு அலகுகளும் முழுதாக மூடவில்லை. எதுவும் இல்லாமலேயே ஏதோ ஒரு தடிமன் காட்டியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அலகுகளின் இடுக்கில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் ஒரு துளி குங்குமம்.

ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. சோதனைக்குச் சில நாட்களுக்கு முன்னால் நடந்தது. அண்ணன் முதல் நாளே சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் பூவும் சந்தனமும் வாங்கி வந்திருந்தார். மேசையில் துணி விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், அரம், சுத்தியல், அளவுக் கருவி எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார். மேலாளர் உட்பட எல்லோரும் சுண்டல் சாப்பிட்டோம். நான் தள்ளி நின்று பார்த்தேன். வேறு வேதக்காரியாக இருந்தும் எனக்கு ஒரு கிண்ணம் அதிகமாகவே வைத்தார்.

அவரிடம் போய் வெர்னியரைக் காட்டினேன். வாய் குழறியது. அவர் சாமி விஷயத்தில் நான் குற்றம் சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் நின்று என்னைத் தள்ளியது.

“அண்ணே, அன்னிக்குப் பொட்டு எதுக்கெல்லாம் வெச்சீங்க?”

“எல்லாத்துக்கும்தாம்மா. ஒண்ண விட்டு ஒண்ணுக்கு வெச்சா நல்லாவா இருக்கும்?”

“புரோப்புக்கும் வெச்சீங்களா?”

புரோப் என்பது சூட்டை உணரும் கருவி. பேனா முனை மாதிரி ஒரு பித்தளை முனை, பின்னால் வாலாக ஒரு கம்பி. பிரேக் கட்டையில் துளை போட்டு, உரசும் பரப்புக்கு அருகில் கட்டையின் இரும்பைத் தொடும்படி அதைச் செருகுவார்கள். முனை இரும்பைத் தொட்டால்தான் முள் சரியாகக் காட்டும்.

அண்ணன் சோதனை இயந்திரத்துக்குப் போய் புரோப்பை உருவினார். பித்தளை முனையில் சந்தனம் வெந்து, பழுப்பு ஓடாகப் படிந்திருந்தது. முனை இரும்பைத் தொடவே இல்லை. அந்தப் படிவைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. சூடு அதைத் தாண்டி வர முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

“பயபக்தியாத்தாம்மா வெச்சேன்” என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அப்போது அவருக்காக வருத்தப்பட எனக்கு நேரமில்லை.

முனையைச் சுரண்டித் துடைத்துச் செருகினார். மேலாளரைக் கூப்பிட்டோம். டிரம் சுழன்றது, கட்டை அழுத்தியது. முள் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. நான் தாளில் பார்த்த இடத்தைத் தொட்டது, தாண்டியது. பிசின் கருகும் வாடை கூடத்தை நிறைத்தது. நிறுத்திக் கழற்றிப் பார்த்தபோது டிரம்மின் நடுவில் நீல நிறத்தில் ஒரு வளையம் ஓடியிருந்தது. என் கணக்கு சரி என்று தெரிந்துவிட்டது. அது தப்பாக இருக்கக்கூடாதா என்று நான் அதுவரை எந்தக் கணக்குக்காகவும் வேண்டியதில்லை.

மேலாளர் கப்பல் பட்டறைக்குத் தொலைபேசினார். இறக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றார்கள். கிரேனுக்கு மேலே தொலைபேசி கிடையாது, ஆள் அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு அடித்தேன். காரிடாருக்குப் போய் அந்தக் கை அசைகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்க நினைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இல்லாமல் போனதே இல்லை. யாராவது வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்களா? எங்கே? எதற்கு? ரிசீவரை நான் வைக்காததால் மேலாளர் என் கையிலிருந்து வாங்கி வைத்தார். காரில் ஏறச் சொன்னார்.

தூரம் அதிகமில்லை. லாரிகள்தான் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. திருப்பத்தில் கிரேன் தெரிந்தது. கை பாதி தாழ்ந்திருந்தது. அதன் நுனியில் எஞ்சின் அந்தரத்தில் தொங்கியது. எதுவும் அசையவில்லை.

சிக்கிவிட்டது என்று நினைத்தேன். பிரேக் கருகிப் பிடித்துக்கொண்டது, அடுத்தது உடையப்போகிறது. மணி என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி கண் முன்னாலேயே இருந்தது. பயத்தில் அது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வாயிற்காவலர் தடுத்ததையும் மீறி உள்ளே ஓடினேன். அந்த வாடை அங்கேயும் இருந்தது, எங்கள் சோதனைக் கூடத்தில் வந்த அதே பிசின் வாடை. கத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கீழே நின்று சைகை காட்டுகிறவர் என் பக்கம் திரும்பிவிட்டால் அப்பா சைகை இல்லாமல் இறக்க வேண்டியிருக்கும். அனுப்பிய ஆள் கிரேனின் ஏணியில் பாதி தூரம்கூட ஏறியிருக்கவில்லை. அப்போது கை மறுபடி அசையத் தொடங்கியது. மெல்ல, மெல்லத் தாழ்ந்தது. எஞ்சின் கப்பலுக்குள் இறங்கி மறைந்தது. கம்பிவடம் தொய்ந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா இறங்கி வந்தார்.

“ஹெல்மெட் எங்க? ஒன்ன யாரு உள்ள வுட்டது?”

“நடுவுல ஏம்பா நிறுத்துனீங்க?”

“மணி பன்னெண்டு லா, மறந்துட்டியா?” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. “இன்னிக்கு வேணாம்னுதான் இருந்தேன். கீழேருந்து ஃபோர்மேன் எறக்கு எறக்குன்னு கத்துறான். அப்புறம், ஒங்கம்மா காரிடார்ல நின்னு பாத்துக்கிட்டிருப்பாளே, நிக்கலன்னா பயந்துருவாளேன்னு பூட்டப் போட்டுட்டு நிறுத்துனேன்.”

பூட்டு என்றால் பல்சக்கரத்தில் விழும் ஓர் இரும்பு நாக்கு. அது விழுந்தால் பளுவை அது தாங்கிக்கொள்ளும், பிரேக்குக்கு வேலையில்லை. அவர் ஜெபம் சொல்லி முடிக்கும் வரை டிரம் சும்மா நின்று ஆறியிருக்கிறது. இது அவருக்குத் தெரியாது. மேலாளரின் காரில் வீட்டுக்கு வரும்போது நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி எதுவும் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் அம்மா சோறு போட்டாள். தலையில் புதுப் பூ இருந்தது. கதவுக்குப் பின்னால் சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடைப் பை ஒன்று சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிப் புடவை எடுக்கத் துணைக்குக் கூப்பிட, பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம் என்று போயிருக்கிறாள். தேக்கா கடைத்தெருக் கூட்டத்தில் நேரமாகிவிட்டது. இதை அப்பா குளிக்கப் போயிருந்தபோது, சமையலறையில் வைத்து, தப்பு செய்தவள் மாதிரி என்னிடம் சொல்லியிருந்தாள்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு நிறுத்துனேனே, பாத்தியா?”

அவர் விரல்கள் நடுங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவும் அதைப் பார்த்தாள்.

“பாத்தேனே” என்றாள். “பாக்காம எங்க போவேன்?”

அப்பா தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

அந்த லைனிங்கை மறுநாளே கழற்றிவிட்டார்கள். டிரம்மில் நீல வளையம் லேசாக விழுந்திருந்தது, விரிசல் இல்லை. அண்ணன் அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வைத்தார். அளவுக் கருவிகளை மட்டும் பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குப் பொட்டு வைத்தார். நான் என் கணக்கில் அன்றைய பளுவையும் அன்றைய இறக்கத்தையும் போட்டு இரண்டு விதமாக ஓட்டினேன், நடுவில் நிறுத்தி ஒன்று, நிறுத்தாமல் ஒன்று. முதலாவதில் சூடு எல்லைக்கு அருகே போய்த் திரும்பியது. இரண்டாவதில் எஞ்சின் கப்பலைத் தொடுவதற்கு முன்பே பிடி போய்விட்டது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு என் மேசையில் அழுதேன்.

அப்பாவிடம் காட்டவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காரிடாருக்குப் போய் நின்றாள். அதற்குப் பிறகு அப்பா ஓய்வு பெறும் வரை, கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதுவாக இருந்தாலும், பன்னிரண்டு மணிக்கு அவள் அந்தக் காரிடாரை விட்டு எங்கும் போகவில்லை.